மெய்லிசர்ச் அப்கிரேடு: சொந்த சர்வரில் தேடல் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது எப்படி

சொந்த சர்வரில் புக்மார்க் செயலி, உரையாடல் செயலி, ஆவணக் கிடங்கு என்று எதையாவது ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு, அதன் கூடவே ஒரு தேடுபொறியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அது நின்றுபோகும் நாளில்தான் தெரியவரும். வழக்கம்போல இமேஜ்களை (செயலிகளின் டாக்கர் பொதிகளை) புதுப்பித்திருப்பீர்கள், எல்லாம் எழுந்துவிட்டிருக்கும், தேடல் பெட்டி மட்டும் எதைத் தட்டினாலும் வெறுமையாக நிற்கும். லாகைத் திறந்தால், தரவுத்தளத்தின் பதிப்பு இது, இயந்திரத்தின் பதிப்பு அது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். கன்டெய்னர் (இமேஜிலிருந்து எழுந்து ஓடும் செயலி) விழுவதும் எழுவதுமாக இருக்கும்.

இந்த நிலையில் பதற ஒன்றுமில்லை. தரவு எதுவும் கெட்டுப்போகவில்லை. மெய்லிசர்ச் என்ற அந்தத் தேடுபொறி தன் தரவுக் கோப்புறைக்குள் வெர்ஷன் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறது. தொடங்கும்போது அதைப் படித்துப் பார்த்து, தனக்கு ஒத்துவராத பதிப்பு என்று தெரிந்தால் மற்ற எதிலும் கை வைக்காமல் நின்றுவிடுகிறது. கம்போஸ் கோப்பில் (எந்த இமேஜ், எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கும் டாக்கர் அமைப்புக் கோப்பு) பழைய பதிப்பு எண்ணைத் திரும்பப் போட்டு எழுப்புங்கள், பழையபடி ஓடும். அப்புறம் நேரம் கிடைக்கும்போது கீழே சொல்லும் முறையில் நிதானமாக அப்கிரேடு செய்யலாம்.

இந்தக் கட்டுரை முக்கியமாக மெய்லிசர்ச்சைப் பற்றியது, அதுவும் டாக்கரில் (செயலிகளைக் கன்டெய்னர்களாக ஓட்டும் கருவி) ஓடுவதை மனதில் வைத்து எழுதியது. எலாஸ்டிக்சர்ச் என்ற வேறொரு தேடுபொறி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். சூழல் மாறிகளின் (கன்டெய்னருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்புகள்) பெயரைத் தட்டும்போது ஆங்கிலப் பேரெழுத்தில், சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட்டுத் தட்ட வேண்டும்.

ஏன் தானாகவே மாறிக்கொள்வதில்லை?

மெய்லிசர்ச் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, தரவை எல்எம்டிபி என்ற சேமிப்பு முறையில் டிஸ்கில் வைக்கிறது. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் எந்த இடத்தில் வருகிறது, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வருகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு நெருக்கமாக அடுக்கி வைத்திருப்பதால்தான் தட்டிய உடனே பதில் வருகிறது. அந்த அடுக்கும் முறையைப் புதிய பதிப்புகளில் அடிக்கடி மாற்றுகிறார்கள், வேகம் கூடுவதே பெரும்பாலும் அதனால்தான். பழைய அடுக்கைப் புதிய இயந்திரம் படிக்கப் போனால் தப்புத்தப்பாகப் பதில் சொல்லும். அதைவிட நின்றுபோவதே மேல் என்று அதை உருவாக்கியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பதிப்பு எண்ணில் நடுவில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். 1.11 என்பதும் 1.12 என்பதும் இதைப் பொறுத்தவரை வேறு வேறு.

கம்போஸ் கோப்பில் இமேஜ் பெயருக்குப் பின்னால் லேட்டஸ்ட் என்று டேக் போட்டிருந்தால் இன்றைக்கே அதை மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் எண்ணை அப்படியே எழுதிவிடுங்கள், எண்ணுக்கு முன்னால் வி எழுத்து வர வேண்டும். வாட்ச்டவர் மாதிரி தானியங்கிப் புதுப்பிப்புக் கருவி வைத்திருந்தால், தேடுபொறியின் கன்டெய்னரை அதன் பட்டியலிலிருந்து விலக்கி வையுங்கள், அதற்கு ஒரு லேபிள் போட்டால் போதும். மற்ற கன்டெய்னர்கள் எப்படி வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளட்டும், தரவுத்தளங்களைத் தானியங்கியிடம் விடக்கூடாது என்பது என் கட்சி.

முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது அசலா, நகலா?

எல்லாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு நேராகக் கட்டளைகளைத் தேடிப் போகிறார்கள். ஆனால் இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

பெரும்பாலான செயலிகளில் தேடுபொறி என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான். அதைக் கிழித்துப் போட்டாலும் புத்தகம் அப்படியே இருக்கும், மறுபடி ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொள்ளலாம். கராகீப் (முன்பு ஹோர்டர் என்று இருந்தது) உங்கள் புக்மார்க்குகளை எஸ்கியூலைட்டில் வைத்திருக்கிறது. லிப்ரேசாட் உரையாடல்களை மோங்கோடிபியில் வைத்திருக்கிறது. மெய்லிசர்ச்சில் இருப்பது இவற்றின் நகல். இப்படிப்பட்ட இடத்தில் டம்ப் (தரவை வெளியே எழுதி வைத்த கோப்பு) எடுத்து, மாற்றி, இறக்கி என்று பாடுபட வேண்டிய அவசியமே இல்லை. பழைய இன்டெக்ஸை, அதாவது அந்தச் சொல்லடைவை, ஓரமாக நகர்த்திவிட்டு, புதிய பதிப்பை வெறுமையாக எழுப்பி, செயலியை மறுபடி இன்டெக்ஸ் செய்யச் சொன்னால் முடிந்தது.

நீங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நேரடியாக மெய்லிசர்ச்சுக்குள் ஆவணங்களைத் தள்ளியிருந்து, மூலக் கோப்புகள் இப்போது கையில் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது அசல். மூலம் இருக்கிறது, ஆனால் மறுபடி இன்டெக்ஸ் செய்ய மணிக்கணக்கில் ஆகும் என்றாலும் அசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருட்சொற்கள், தரவரிசை விதிகள், எந்தப் புலத்தில் வடிகட்டலாம் என்ற அமைப்புகள் இதையெல்லாம் கையால் செய்து வைத்திருந்தால், ஆவணங்கள் நகலாக இருந்தாலும் அமைப்புகள் அசல். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்

எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்பதை மெய்லிசர்ச்சின் வெளியீட்டுப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் செயலியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். செயலியை உருவாக்கியவர்கள் தங்கள் மாதிரிக் கம்போஸ் கோப்பில் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்களோ அதுதான் அவர்கள் சோதித்துப் பார்த்தது. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் ஓடும்தான், ஆனால் ஓடாவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

இப்போது ஓடும் பதிப்பைத் தெரிந்துகொள்ள, மெய்லிசர்ச் முகவரியில் (வழக்கமான போர்ட் 7700) வெர்ஷன் என்ற பாதைக்கு ஒரு கெட் கோரிக்கை அனுப்புங்கள். கர்ல் கட்டளையே போதும். மாஸ்டர் கீ (முதன்மைச் சாவி) வைத்திருந்தால் ஆதரைசேஷன் தலைப்பில் பேரர் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்தச் சாவியைத் தர வேண்டும். இனி வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் இதே வழக்கம்தான். ஹெல்த் பாதைக்கு மட்டும் சாவி தேவையில்லை.

அடுத்து ஸ்டாட்ஸ் பாதை. ஒவ்வோர் இன்டெக்ஸிலும் எத்தனை ஆவணங்கள் என்று அது சொல்லும். அந்த எண்களை எங்காவது எழுதி வையுங்கள், காகிதத்தில் எழுதினாலும் சரி. வேலை முடிந்த பிறகு "எல்லாம் வந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு வேறு எதுவும் இவ்வளவு நேரான பதில் தராது.

டிஸ்கில் இடம் பாருங்கள். பழைய தரவு, டம்ப் கோப்பு, புதிய தரவு மூன்றும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கப் போகின்றன. பழைய கோப்புறையின் அளவைப் போல இரண்டு மடங்காவது காலியாக இருந்தால் நிம்மதி. ரேமும் முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாக பேக்கப். கன்டெய்னரை நிறுத்திவிட்டு, தரவுக் கோப்புறையைத் தார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி வேறு இடத்தில் வையுங்கள். டாக்கர் இமேஜில் அந்தக் கோப்புறை மெய்லி-டேட்டா (தட்டும்போது நடுவில் கீழ்க்கோடு) என்ற பெயரில் வேரிலேயே இருக்கும், உங்கள் சர்வரில் அது எந்த வால்யூமோடு இணைந்திருக்கிறது என்பதைக் கம்போஸ் கோப்பு சொல்லும். நிறுத்தாமல் நகலெடுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடைக்கும், அது தேவைப்படும் நாளில்தான் அதன் லட்சணம் தெரியும்.

வழி 1: தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுவது

உங்கள் தரவு நகல் என்றால் இந்த வழிதான். எத்தனை பதிப்புகள் பின்தங்கியிருந்தாலும் இது வேலை செய்யும் என்பது இதன் பெரிய வசதி.

டாக்கர் கம்போஸ் ஸ்டாப் கொடுத்து, தேடுபொறியையும் அதைப் பயன்படுத்தும் செயலியையும் நிறுத்துங்கள். தரவுக் கோப்புறைக்குள் டேட்டா.எம்எஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும், இன்டெக்ஸ் எல்லாம் அதற்குள்தான். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள், பின்னால் பழையது என்று ஒட்டிவிட்டால் போதும். கம்போஸ் கோப்பில் புதிய பதிப்பு எண்ணைப் போட்டு, டாக்கர் கம்போஸ் புல், அப்புறம் அப். தேடுபொறி வெறும் தரவுத்தளத்தோடு எழும். ஹெல்த் பாதையைக் கேட்டால் அவெய்லபிள் என்று பதில் வர வேண்டும்.

பிறகு செயலியிடம் மறுபடி இன்டெக்ஸ் செய்யச் சொல்ல வேண்டும். கராகீப்பில் நிர்வாகிப் பக்கத்தில் எல்லாப் புக்மார்க்குகளையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் பயன்படுத்தும் சமூக வலைத்தளச் செயலியான மாஸ்டடானில் டூட்சிடிஎல் சர்ச் டிப்ளாய் என்று ஒரு கட்டளை இதே வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் இப்படி ஏதாவது இருக்கும், அதன் ஆவணத்தில் ரீஇன்டெக்ஸ் என்று தேடினால் கிடைத்துவிடும்.

ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். சில செயலிகள் ஒவ்வொரு பதிவையும் தேடுபொறிக்கு அனுப்பியவுடன், "இது அனுப்பியாகிவிட்டது" என்று தங்கள் முதன்மைத் தரவுத்தளத்திலேயே ஒரு குறி போட்டு வைக்கும். லிப்ரேசாட் அப்படித்தான். தேடுபொறி வெறுமையாகிவிட்டது, ஆனால் குறிகள் அப்படியே இருக்கின்றன, ஆகவே செயலி எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும், புதிதாக எழுதுவது மட்டும் தேடலில் வரும், பழையது எதுவும் வராது. அப்படி நடந்தால் தேடுபொறியைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் குறிகளை அழிக்க வழி என்ன என்று செயலியின் ஆவணத்தில் பாருங்கள்.

இன்னொன்று ஏபிஐ சாவிகள், அதாவது செயலி தேடுபொறியோடு பேசப் பயன்படுத்தும் சாவிகள். உங்கள் செயலி மாஸ்டர் கீயையே நேரடியாகப் பயன்படுத்தினால் ஒரு மாற்றமும் தேவையில்லை. தனிச் சாவி உருவாக்கிக் கொடுத்திருந்தால், வெறும் தரவுத்தளத்தில் அந்தச் சாவி இருக்காது. கீஸ் பாதையில் புதிய சாவி எடுத்து, செயலியின் அமைப்பில் மாற்ற வேண்டும்.

வழி 2: டம்ப் எடுத்து இறக்குவது

அசல் தரவு வைத்திருப்பவர்களுக்கு நம்பகமான வழி இது.

டம்ப் என்பது ஸ்னாப்ஷாட் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்கில் இருக்கும் தரவுத்தளத்தை அப்படியே படம் பிடித்தது, வேகமாக எடுக்கலாம், வேகமாகத் திரும்ப வைக்கலாம், ஆனால் அதே பதிப்பில்தான் திறக்கும். டம்ப் என்பது ஆவணங்களையும் அமைப்புகளையும் சாவிகளையும் வெளியே எழுதி வைத்த பட்டியல். புதிய பதிப்பு அதை வாங்கி முதலிலிருந்து தானே இன்டெக்ஸ் செய்துகொள்ளும், அதனால் பதிப்பு தாண்டிப் போக முடியும், அதனாலேயே நேரமும் அதிகம் பிடிக்கும்.

டம்பைப் பழைய இயந்திரம்தான் எடுக்க முடியும். புதிய இமேஜை ஏற்கெனவே இழுத்துவிட்டீர்கள், அது எழ மறுக்கிறது என்றால், பழைய எண்ணைத் திரும்பப் போட்டு எழுப்பிய பிறகுதான் இந்த வேலையைத் தொடங்க முடியும். பழைய எண் நினைவில்லையா? லாகில் வந்த அந்த வரியிலேயே இருக்கும். வெர்ஷன் கோப்பைத் திறந்து பார்த்தாலும் தெரியும்.

பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, முதலில் செயலியை மட்டும் நிறுத்துங்கள், டம்ப் எடுத்த பிறகு புதிதாக எதுவும் வந்து விழக்கூடாது. பிறகு டம்ப்ஸ் பாதைக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை. பதிலாக உடனே டம்ப் வராது, ஒரு டாஸ்க் எண் வரும். மெய்லிசர்ச்சில் கனமான வேலைகள் எல்லாம் இப்படி வரிசையில் நின்றுதான் நடக்கும். டாஸ்க்ஸ் பாதையில் அந்த எண்ணைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். என்கியூட், ப்ராசெஸிங் என்று மாறி, கடைசியில் சக்சீடட் என்று வர வேண்டும். ஃபெயில்ட் என்று வந்தால் கூடவே காரணமும் இருக்கும், பெரும்பாலும் டிஸ்கில் இடமில்லை அல்லது எழுத அனுமதியில்லை என்பதாகத்தான் இருக்கும். சக்சீடட் வரும் முன்னே கன்டெய்னரை நிறுத்திவிடாதீர்கள், நான் பார்த்தவரை புதியவர்கள் அவசரப்படும் இடம் இதுதான்.

முடிந்ததும், தரவுக் கோப்புறைக்குள் டம்ப்ஸ் என்ற கோப்புறையில் தேதியும் நேரமும் கலந்த பெயரோடு ஒரு கோப்பு கிடைக்கும். அதை வெளியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கோப்பின் அளவு பூஜ்யமாக இல்லை என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது தேடுபொறியை நிறுத்துங்கள். டேட்டா.எம்எஸ் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். மெய்லி-டேட்டா கோப்புறை முழுவதையும் நகர்த்திவிடாதீர்கள், டம்பும் அதற்குள்தானே இருக்கிறது, கூடவே போய்விடும். கம்போஸ் கோப்பில் புதிய எண்ணைப் போடுங்கள். சூழல் மாறிகளில் மெய்லி இம்போர்ட் டம்ப் என்று ஒன்றைச் சேர்த்து, கன்டெய்னருக்குள் அந்த டம்ப் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். உங்கள் சர்வரில் உள்ள பாதை இல்லை, கன்டெய்னருக்குள் தெரியும் பாதை, அதாவது மெய்லி-டேட்டா, அதற்குள் டம்ப்ஸ், அதற்குள் கோப்பு.

மாஸ்டர் கீயை மட்டும் இந்தச் சமயத்தில் மாற்றாதீர்கள். டம்புக்குள் ஏபிஐ சாவிகள் வந்துவிடும், மாஸ்டர் கீ வராது. ஒவ்வொரு ஏபிஐ சாவியின் மதிப்பும் மாஸ்டர் கீயையும் அந்தச் சாவியின் அடையாள எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. மாஸ்டர் கீ அதேயாக இருந்தால் பழைய சாவிகள் எல்லாம் அப்படியே வேலை செய்யும், மாறிவிட்டால் எல்லாச் சாவிகளும் ஒரே அடியாக மாறிவிடும், செயலி எல்லாம் அனுமதி இல்லை என்று புலம்பத் தொடங்கும்.

எழுப்புங்கள். லாகைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டம்ப் இறக்கி முடியும் வரை 7700 போர்ட்டில் எந்தப் பதிலும் வராது, ஹெல்த் பாதைகூடப் பேசாது. அது தொங்கிவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சில ஆயிரம் ஆவணங்கள் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் முடியும், பல லட்சம் என்றால் சாப்பிட்டுவிட்டு வரலாம். கம்போஸ் கோப்பில் ஹெல்த்செக் போட்டு, தேடுபொறி நலமாக எழுந்த பிறகே செயலி எழ வேண்டும் என்று கட்டியிருந்தால், இந்த இடைவெளியில் செயலி எழாமல் பிழை காட்டும், அது இயல்புதான். குபெர்னெட்டீஸில் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லைவ்னெஸ் சோதனை பதில் இல்லையென்று கன்டெய்னரைக் கொன்றுவிடும், இறக்குமதி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி கொல்லும். அந்தச் சோதனையைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள்.

இறக்கும்போது கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துப்போனால், பெரும்பாலும் ரேம் போதாமல் லினக்ஸ் கர்னலே அதை நிறுத்தியிருக்கிறது. மெய்லிசர்ச் இன்டெக்ஸ் செய்யும்போது, தனியாகச் சொல்லாவிட்டால், இருக்கும் ரேமில் மூன்றில் இரண்டு பங்கு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்கிறது. மற்ற செயலிகளோடு பகிர்ந்துகொள்ளும் சின்ன சர்வரில் இது அதிகம். மெய்லி மேக்ஸ் இன்டெக்ஸிங் மெமரி என்ற மாறியில் ஓர் அளவைக் கொடுத்துக் கட்டுப்படுத்துங்கள், மெய்லி மேக்ஸ் இன்டெக்ஸிங் த்ரெட்ஸ் மூலம் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளின் (த்ரெட்) எண்ணிக்கையையும் குறைக்கலாம். மெதுவாகும், ஆனால் முடியும். பாதியில் செத்திருந்தால், அரைகுறையாக உருவான டேட்டா.எம்எஸ் கோப்புறையை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஒரு தரவுத்தளம் இருந்தால் டம்பை இறக்க மாட்டேன் என்று நின்றுவிடும்.

இதே காரணத்தால்தான், எல்லாம் நல்லபடியாக முடிந்தவுடன் அந்த இம்போர்ட் டம்ப் மாறியைக் கம்போஸ் கோப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். இன்று நீக்கவில்லை என்றால் இன்று ஒன்றும் ஆகாது. என்றைக்காவது சர்வர் ரீபூட் ஆகும்போது தேடுபொறி எழாது, ஏன் என்று யாருக்கும் நினைவிருக்காது.

வழி 3: டம்ப் இல்லாமல் நேரே தாவுவது

உங்கள் பழைய பதிப்பு 1.12 அல்லது அதற்கு மேல், போகும் பதிப்பு 1.13 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு வழி திறந்திருக்கிறது. மெய்லி எக்ஸ்பெரிமென்டல் டம்ப்லெஸ் அப்கிரேடு என்ற மாறியை ட்ரூ என்று வைத்துப் புதிய பதிப்பை அதே தரவுக் கோப்புறையில் எழுப்பினால், அது பழைய தரவுத்தளத்தை இருந்த இடத்திலேயே புதிய அமைப்புக்கு மாற்றிக்கொள்ளும். டாஸ்க் பட்டியலில் அப்கிரேடு டேட்டாபேஸ் என்ற வகையில் ஒரு டாஸ்க் தெரியும், அது சக்சீடட் ஆக வேண்டும். மாறியின் பெயரை நீங்கள் போகும் பதிப்பின் ஆவணத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், சோதனை நிலையில் இருக்கும் அமைப்புகளின் பெயர் மாறுவது சகஜம்.

டம்ப் வழியைவிட இது எவ்வளவோ வேகம். ஆனால் பெயரிலேயே சோதனை என்று போட்டிருக்கிறார்கள், அரிதாகப் பாதியில் தோற்று தரவுத்தளம் கெட்டுப்போகலாம் என்று அவர்களின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், ஸ்னாப்ஷாட்ஸ் பாதைக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை போதும், இல்லாவிட்டால் மேலே சொன்ன தார் கோப்பு இருந்தாலும் சரி. தோற்றால் பழைய எண், பழைய கோப்புறை, பழையபடி வாழ்க்கை. பெரிய இன்டெக்ஸ், நல்ல பேக்கப், கொஞ்சம் துணிச்சல் மூன்றும் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். சின்ன இன்டெக்ஸ் என்றால் டம்ப் வழியே போதும், மிச்சமாகும் சில நிமிடங்களுக்காக இந்த ஆபத்து எதற்கு?

எலாஸ்டிக்சர்ச் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே விதி வேறு. எலாஸ்டிக்சர்ச் தன் முந்தைய பெரும் பதிப்பில் உருவான இன்டெக்ஸைப் படிக்கும், அதற்கும் முந்தையதைப் படிக்காது. 7 வரிசையிலிருந்து 8க்குப் போக வேண்டும் என்றால் முதலில் 7.17க்கு வந்து நின்று, அங்கிருந்துதான் தாவ வேண்டும். 6 வரிசையில் உருவான இன்டெக்ஸ் ஏதாவது இன்னும் உள்ளே இருந்தால், 7.17ல் இருக்கும்போதே அதை மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டும் அல்லது நீக்க வேண்டும். கிபானா (எலாஸ்டிக்சர்ச்சின் நிர்வாகத் திரை) வைத்திருந்தால் அதில் இருக்கும் அப்கிரேடு அசிஸ்டன்ட் இதையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டிவிடும், அதில் சிவப்பாக ஏதாவது மிஞ்சியிருக்கும் வரை மேலே போகாதீர்கள்.

ஒருமுறை மேலே போய்விட்டால் கீழே இறங்க முடியாது. பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரே வழி, முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்டைப் பழைய பதிப்பில் இறக்குவதுதான். ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்புறையை நகலெடுத்து வைத்தால் பேக்கப் ஆகாது, அதற்கான ஸ்னாப்ஷாட் வசதியையே பயன்படுத்துங்கள். 8ல் பாதுகாப்பு வசதிகள் இயல்பாகவே இயங்கும் என்பதால், கடவுச்சொல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்த செயலி அப்கிரேடு முடிந்த உடனே வெளியே நிற்கும். செயலியின் அமைப்பில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுக்கும் இடம் எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டடான் மாதிரி நகலை மட்டும் வைத்திருக்கும் செயலி என்றால், இந்தப் படிக்கட்டு எதுவும் வேண்டாம், வெறுமையாக எழுப்பி மறுபடி கட்டுவதே சுருக்கம்.

முடிந்ததா என்று பார்ப்பது

எந்த வழியில் வந்திருந்தாலும், முதலில் வெர்ஷன் பாதை புதிய எண்ணைச் சொல்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஸ்டாட்ஸ் பாதையில் ஆவண எண்ணிக்கையை, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். மறுபடி கட்டும் வழியில் வந்திருந்தால் எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும், நின்ற பிறகு ஒப்பிடுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், முதன்மைத் தரவுத்தளத்தில் நீக்கப்பட்டும் தேடலில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பதிவுகள் இப்போது உதிர்ந்திருக்கலாம். பாதிக்குப் பாதி குறைந்தால் டாஸ்க்ஸ் பாதையில் ஃபெயில்ட் ஆனவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், ஏன் என்று அங்கே எழுதியிருக்கும்.

பிறகு செயலியை எழுப்பி, அதன் தேடல் பெட்டியிலேயே தேடிப் பாருங்கள். நேரடியாகத் தேடுபொறியிடம் கேட்டால் சரியாக வந்து, செயலி வழியாகக் கேட்டால் வராமல் இருந்தால் சாவியில்தான் கோளாறு. பழைய பதிவு ஒன்று, புதிய பதிவு ஒன்று, தமிழில் ஒன்று, எழுத்துப்பிழையோடு ஒன்று என்று நாலு விதமாகத் தட்டிப் பாருங்கள். மெய்லிசர்ச் வழக்கமான அமைப்பில் 5 எழுத்துக்குக் குறையாத சொல்லில் ஒரு பிழையையும், 9 எழுத்துக்குக் குறையாத சொல்லில் இரண்டு பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும். அப்படி வரவில்லை என்றால் அமைப்புகள் எதுவோ இடையில் தவறிவிட்டது. வடிகட்டிகளையும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள், அந்தப் புலத்தில் வடிகட்ட அனுமதி இல்லை என்று பிழை வந்தால் அதுவும் அமைப்புகள் வராததன் அறிகுறிதான்.

பெயர் மாற்றி வைத்த பழைய கோப்புறையை அன்றைக்கே அழிக்காதீர்கள், சில நாள் கிடக்கட்டும். அழிக்கும்போது பழைய இமேஜையும் சேர்த்து நீக்கினால் டிஸ்கில் நல்ல இடம் மிஞ்சும். டம்ப் கோப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதற்குள் உங்கள் ஆவணங்கள் முழுவதும் இருக்கின்றன, சாவிகளின் விவரங்களும் இருக்கின்றன, பூட்டு எதுவும் இல்லை. அதைப் பொதுவாகப் பகிரும் கோப்புறையில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மறையாக்கம் செய்து பேக்கப் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்றால் பழைய கோப்புறையோடு சேர்த்து அதையும் அழித்துவிடுங்கள்.